கோட்டுக்கு மேல் கோட்டு

ராயபுரத்தில் நல்ல கருப்பட்டி வேண்டுமா, தங்கப்பாண்டி கடைக்குப் போ என்பார்கள். போனால் அந்த மனிதரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று கையோடு சொல்லியும் அனுப்புவார்கள். முறை பேசுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். காசிமேட்டில் யார் வீட்டிலோ கல்யாணம் என்றால், நாத்தனார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று இங்கே தராசைப் பிடித்தபடியே தீர்ப்புச் சொல்வார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இந்தப் பக்கம் கடை வைத்தவர்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் கொண்டுவரும் தட்டு இல்லாமல் நடந்ததில்லை. ஆள் குட்டை, குரல் நெட்டை. தெருமுனையில் இருப்பவனுக்கும் தீர்ப்பு கேட்கும்.

ஊருக்கெல்லாம் முறை சொன்ன இந்த மனிதர், சொந்த அக்கா மகனின் காதுகுத்துக்குப் பிந்திப் போனவர். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அன்று தூத்துக்குடித் தோணியில் வந்த சரக்கு துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லி வைத்ததுபோல் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கருப்பட்டி பாகாகிப் பள்ளத்தைத் தேடி ஓடிவிடும். கடை வைத்த புதிது, அது போனால் கடையும் போச்சு. ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்களை எல்லாம் மூடிவிட்டு ஈரவேட்டியோடு அவர் திருவொற்றியூர் கோயிலுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. நல்ல நேரம் தப்பிவிடும் என்று அக்கா புருஷன் சுப்புராஜ், மனைவியின் சித்தப்பா மகன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து, அவன் மடியில் பிள்ளையைக் கிடத்திக் காது குத்திவிட்டார்.

“பிள்ளையவிட ஒமக்குக் கருப்பட்டி பெரிசாப் போச்சோ?” என்றார் சுப்புராஜ்.

“செத்த நேரம் பொறுக்கக் கூடாதோ? தாய்மாமன் மடி என்ன, வாடகைக்குக் கிடைக்குமோ?” என்றார் தங்கப்பாண்டி.

இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை நீண்டுவிட்டது. ஒருவர் பக்கம் மட்டும் தப்பு இருந்திருந்தால் என்றைக்கோ தீர்ந்து போயிருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியபோது இரு குடும்பமும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் ஊருக்குப் போயின. அப்போதும் ஒருவர் கிழக்குச் சன்னலைப் பார்த்தார், மற்றவர் மேற்குச் சன்னலைப் பார்த்தார். அக்கா ஆவுடையம்மாள் மட்டும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற சாக்கில் தம்பி கடை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள். சுப்புராஜுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதும் தெரியும்.

காது குத்திக்கொண்ட அந்தப் பிள்ளை ஆறுமுகபாண்டி. வண்ணாரப்பேட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் வீடு. ராயபுரத்தில் மிஷன்காரர்கள் நடத்திய ஆண்கள் பள்ளியில் படிப்பு. போகிற வழியில்தான் மாமன் கடை. உள்ளே போகக்கூடாது என்று அப்பா உத்தரவு. போகமாட்டான், கடை வந்ததும் நடையை மட்டும் குறைத்துக்கொள்வான். மாமா எடை போடுவதை நிறுத்திவிட்டு, அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே அரை டிராயர் போய் வேட்டி வந்தது, மீசை அரும்பியது, பையன் ஆறாம் ஃபாரத்துக்கும் வந்துவிட்டான். நாடு சுதந்திரம் வாங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இந்த இரண்டு பேர்தான் இன்னும் சமாதானமாகவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நெருங்கும் மாசி மாதத்தில், பள்ளியை விட்டுப் போகும் ஆறாம் ஃபாரத்துக்கு ஐந்தாம் ஃபாரம் பையன்கள் விருந்து வைப்பார்கள். அதற்குப் பெயர் சோஷியல். அன்றைக்கு ஆறாம் ஃபாரம் பையன் ஒவ்வொருவனும் வெள்ளை டிரில் பேன்ட், வெள்ளைக் கோட்டு, நீல டை கட்டிக்கொண்டு வர வேண்டும். அண்ணன் கோட்டோ, பக்கத்து வீட்டு ரயில்வே குமாஸ்தாவின் கோட்டோ, எப்படியாவது ஒரு கோட்டு. வந்தவனுக்குக் கோட்டில் ஒரு ரோஜாப்பூ குத்தப்படும். பிறகு எல்லாரும் வரிசையாக நின்று குரூப் போட்டோ. போட்டோவுக்குப் பின் டீ, கேக். டீ முடிந்ததும் தலைமையாசிரியர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் எதற்காகச் சாத்துகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். உடனே மைக்கூடுகள் வெளியே வரும். ஒருத்தன் கோட்டில் ஒருத்தன் மையைத் தெளித்துக்கொண்டு கடற்கரைவரை ஓடுவார்கள். குமாஸ்தாவின் கோட்டை வாங்கி வந்தவன் மட்டும் அதற்கு முன்னாலேயே ஓடிவிடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் வந்து இதைச் சொன்னாள். “அவனுக்கு மொத கோட்டு, தம்பி. ஒனக்கு ஒரு வார்த்த சொல்லணும்போல இருந்தது.”

முதல் கோட்டு என்ற சொல் தங்கப்பாண்டியின் காதில் விழுந்ததோடு சரி, அன்று கடையில் யாருக்கும் எடை ஒழுங்காகப் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி மங்கையிடம், “கோட்டு நான்தான் எடுக்கணும்” என்றார்.

“கோட்டுக்குத் தாய்மாமன் சீரா? எந்த ஊர்ல இருக்கு?”

“காதுகுத்துக்கு உண்டுலா? கலியாணத்துக்கு உண்டுலா? நடுவுல வாறது மட்டும் யாருக்குச் சேரும்?”

மங்கை அதோடு விட்டுவிட்டாள். பேசிப் பயன் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், புருஷனின் முகம். மருமகன் உடம்பில் தன் கையால் ஒரு துணி ஏற வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும்: அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொள்ளும் வயது போய்விட்டது. கல்யாணம் வரைக்கும் காத்திருக்கலாம் என்றால், அன்றைக்கு மழை வராது என்று யார் கண்டார்கள்?

மறுநாளே தையல்காரர் காஜா மொய்தீனைத் தேடிப் போனார். வண்ணாரப்பேட்டையில் கோட்டு என்றால் காஜா மொய்தீன்தான்.

“அளவு எடுக்கணுமே, ஆள் எங்க அண்ணாச்சி?”

“ஆளக் கூட்டியார முடியாது வே.”

“இன்னா அண்ணாச்சி, பேஜாரா கீதே. ஆள் இல்லாம நா காத்துக்கா கோட்டு தெய்க்கிறது? அதே ஒசரத்துல வேற யாரயாவது இட்டுகினு வாங்க.”

இது நல்ல யோசனையாகத் தங்கப்பாண்டிக்குப் பட்டது. மருமகன் தினமும் கடையைத் தாண்டும்போது அவன் தலை எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தின் எந்த இடத்துக்கு வருகிறது என்பது அவருக்கு மனப்பாடம். கடையில் சிப்பம் இறக்கும் வியாசர்பாடி கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டு அந்தச் சுவரோரம் நிற்கச் சொன்னார். முடியளவு வித்தியாசம் இல்லை. நேராகத் தையல் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“இன்னா மொதலாளி, நமக்கா கோட்டு?” என்றான் கிருஷ்ணப்பன், கையை விரித்து நின்றபடி. “நா இன்னாத்துக்கு கோட்டு மாட்டிகினு மூட்ட தூக்கணும்?”

“ஒனக்கில்லடே. பேசாம நில்லு.”

உயரத்தைத்தான் தங்கப்பாண்டி பார்த்தார். காலையிலிருந்து மாலைவரை சிப்பம் சுமக்கிறவன் மார்பும், காலையிலிருந்து மாலைவரை பூகோளம் படிக்கிறவன் மார்பும் ஒன்றாக இருக்குமா என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காஜா மொய்தீனுக்குக்கூடச் சந்தேகம் வந்தது. “பையன் இந்த சைசா கீறான்?” என்று கேட்டார். “எங்க அக்கா மவன் வே” என்றார் தங்கப்பாண்டி. அதற்குமேல் என்ன கேட்பது? மாமன் கண்ணுக்கு மருமகன் மலை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் வந்தபோது முகம் வாடியிருந்தது. “ஒங்கத்தானே அவனுக்குக் கோட்டு தச்சுட்டாவ தம்பி. சைனா பஜார் தையக்கடையில குடுத்து, நேத்து வந்துட்டு.”

தங்கப்பாண்டி தராசைக் கீழே வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் மங்கை மெல்லச் சொன்னாள்: “தச்சது தச்சதா இருக்கட்டும். அக்காகிட்ட குடுத்து விடுங்க. என்னைக்காவது போட்டுக்கிடுவான்.”

“ஓசப்படாமக் குடுத்தா அத்தான் பீரோல வச்சுப் பூட்டிருவாரு. நாலு பேர் முன்னால குடுத்தா எப்படிப் பூட்டுவாரு?”

“நாலு பேர் முன்னாலன்னா?”

“பள்ளிக்கூடத்துல. சோஷியல் அன்னைக்கு. மேளத்தோட.”

மங்கை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். வெள்ளைக்காரப் பாடம் நடக்கும் இடத்துக்கு மேளமா என்று அவள் கேட்டதும், சீர் என்றால் மேளம் உண்டு, மேளம் இல்லாமல் கொண்டுபோனால் அதற்குப் பெயர் பார்சல் என்று அவர் சொன்னதும் அந்தத் தெருவில் பின்னால் எல்லாரும் சொல்லிச் சிரித்த விஷயம்.

சோஷியல் நாளன்று பள்ளி முற்றத்தில் பெஞ்சுகள் போட்டு, ஆசிரியர்கள் உட்கார்ந்து, பையன்கள் பின்னால் அடுக்கடுக்காக நின்றுவிட்டார்கள். கோட்டில் ரோஜா, கழுத்தில் டை. பாதிப் பேருக்கு டை மூச்சை முட்டியது. தகப்பன்மார் பூவரச மரத்தடியில் நின்றார்கள். சுப்புராஜ் அங்கவஸ்திரத்தை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். ஆறுமுகபாண்டி கடைசி வரிசையில், சைனா பஜார் கோட்டில் அளவெடுத்த மாதிரி இருந்தான். அளவெடுத்ததுதானே. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, “யாரும் அசையப்படாது” என்றார்.

வாசலில் நாதஸ்வரம் கேட்டது.

அத்தனை தலையும் திரும்பியது. போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நல்லவேளை, தவில் சத்தத்தில் கேட்கவில்லை. முன்னால் மேளம், அடுத்து தேங்காய் பழத் தட்டோடு மங்கை, கருப்பட்டித் தட்டைத் தலையில் வைத்துக் கிருஷ்ணப்பன், அவர்களுக்கு நடுவே பட்டு வேட்டியில் தங்கப்பாண்டி. அவர் கையிலிருந்த தட்டில் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு, அதன்மேல் ஒரு மாலை.

தலைமையாசிரியர் ஆசீர்வாதம் எழுந்து வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லாவிட்டால் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர். பையன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் அவரும் திருநெல்வேலிப் பக்கத்துப் பாளையங்கோட்டைக்காரர். தட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“யாருக்குத் தாய்மாமன்?”

“ஆறுமுகபாண்டிக்கு, ஐயா. காதுகுத்துல விட்டுப்போச்சு. இது மொத கோட்டு.” ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் அன்று பக்கத்தில் நின்ற மங்கைக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

சுப்புராஜ் மரத்தடியிலிருந்து விடுவிடுவென்று வந்துவிட்டார். மைத்துனரைப் பார்க்காமல் தலைமையாசிரியரைப் பார்த்தே பேசினார். “மன்னிக்கணும் சார். சீரு வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், வச்சிட்டுப் போகட்டும். ஆனா எம் மவன் ஒடம்புல கெடக்க கோட்டு நான் ஆசப்பட்டுத் தச்சது. அதக் கழட்டக் கூடாது. எல்லார் முன்னாலயும் அது எறங்குச்சுன்னா நான் எறங்குன மாதிரி.”

அதுவும் நியாயம்தான். இந்த இரண்டு பேரிடமும் உள்ள தொந்தரவே இதுதான். கூப்பிட்ட மேளமும் கூடி நின்ற சனமும் பார்த்துக்கொண்டிருக்க, வச்சிட்டுப் போகட்டும் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். மறுபடியும் பிந்திவிட்டோம் என்றுதான் தங்கப்பாண்டி நினைத்தார். அவருக்கு அழுகை வந்தது. கையில் தட்டு இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

கடைசி வரிசையில் பெஞ்சு சரிந்தது. ஆறுமுகபாண்டி குதித்து இறங்கி வந்தான். மாமா முன்னால் வந்து நின்றவன், மாலையை எடுத்து மங்கை கையிலிருந்த தட்டில் வைத்தான். கோட்டை எடுத்து உதறினான். அப்பாவைப் பார்த்தான்.

“கழட்டலப்பா” என்றான்.

சொல்லிக்கொண்டே அதை, போட்டிருந்த கோட்டுக்கு மேலேயே மாட்டினான். கை நுழைந்தது. தோள் உட்கார்ந்தது. பொத்தான் போட்டான், பொத்தானும் போட்டுக்கொண்டது. கிருஷ்ணப்பனின் மார்புக்குத் தைத்த கோட்டு, ஒரு கோட்டும் ஒரு பையனும் சேர்ந்தால்தான் நிறையும் என்று காத்திருந்ததுபோல் கச்சிதமாக இருந்தது.

“நம்ம அளவு, பாத்துக்கினியா?” என்றான் கிருஷ்ணப்பன் தவில்காரரிடம்.

எல்லாரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் பையனை மேலும் கீழும் பார்த்தார். “கோட்டு போட்டு வரணும்னுதான் சொல்லியிருக்கேன். எத்தனைன்னு சொல்லல. போய் நில்லுடே.”

ஐந்தாம் ஃபாரம் பையன் ஒருவன் ஓடி வந்து, உள்கோட்டில் மாட்டிக்கொண்ட ரோஜாவை எடுத்து வெளிக்கோட்டில் குத்தினான். ரோஜா நசுங்கியிருந்தது. சுப்புராஜ் கோபத்தை முகத்தில் நிறுத்தி வைக்கத் தன்னால் ஆனமட்டும் பார்த்தார். மகன் நண்டுபோல் கையை அகட்டிக்கொண்டு பெஞ்சில் ஏற முடியாமல் ஏறுவதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அங்கவஸ்திரத்தால் வாயை மூடிக்கொண்டார். போட்டோக்காரர் மறுபடியும் துணிக்குள் போனார். மாசி வெயிலில் இரண்டு கோட்டுக்குள் பையன் வெந்துகொண்டிருந்தான். ஆனாலும் அன்று அந்த வரிசையில் அவனைப்போல் சிரித்தவன் இல்லை.

பிறகு டீ. கேக்கோடு கருப்பட்டியும் தேங்காயும் தட்டுக்குத் தட்டு போயின. மேளக்காரர்களுக்கும் கிருஷ்ணப்பனுக்கும் பையன்களே கேக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நிமிஷம் முற்றத்தில் நீலமழை. மைக்காரக் கூட்டம் கடற்கரையைப் பார்த்து ஓட, பெரியவர்கள் பூவரச மரத்தடியில் காத்திருந்தார்கள். சுப்புராஜ் ஒரு பக்கம், தங்கப்பாண்டி ஒரு பக்கம். நடுவில் மங்கை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகபாண்டி திரும்பி வந்தபோது மாமன் கோட்டு மாமன் கோட்டாக இல்லை. முதுகில் ஒரு நீலக்கடல், கையெல்லாம் தீவுகள். தங்கப்பாண்டிக்குப் பகீரென்றது. பையன் அதைக் கழற்றினான். உள்ளே சைனா பஜார் கோட்டு, வேர்வையில் நனைந்திருந்ததே தவிர, ஒரு பொட்டு மை இல்லாமல் பால்போல் இருந்தது.

சுப்புராஜ் மகனின் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். மைப்பட்ட கோட்டை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டார். பிறகு அத்தனை வருஷத்துக்குப் பின் மைத்துனர் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை பேசினார்.

“மாப்ள, ஒம்ம கோட்டு எங்கோட்டக் காப்பாத்திட்டு வே.”

“தாய்மாமன் பின்ன எதுக்கு இருக்கான்?” என்றார் தங்கப்பாண்டி.

அன்று சாயங்காலம் வண்ணாரப்பேட்டை வீட்டில் ஆவுடையம்மாள் ஒரே அடுப்பில் எல்லாருக்கும் தோசை வார்த்தாள். வார்க்கும்போது அழுதாள் என்றும், அது புகை என்று சொன்னாள் என்றும் மங்கை சொல்லுவாள். மைக்கோட்டை வெளுக்கப் போடலாம் என்று யாரோ சொன்னதற்குத் தங்கப்பாண்டி அடிக்க வந்துவிட்டாராம். கிருஷ்ணப்பன் மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டான்: “அளவு நம்பள்து, கோட்டு மட்டும் அவர்துன்னா இன்னா நாயம் மொதலாளி?” அதிலும் நியாயம் இருந்தது. அடுத்த பொங்கலுக்கு அதே அளவில், புதுத் துணியில், காஜா மொய்தீன் இன்னொரு கோட்டு தைத்தார். கிருஷ்ணப்பன் அதைப் போட்டுக்கொண்டு பொண்டாட்டியோடு யானைக்கவுனி வரைக்கும் நடந்துவிட்டு வந்தான்.

குரூப் போட்டோவில் ஒரு பிரதி கருப்பட்டிக் கடைக்கு வந்து, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. ஆறுமுகபாண்டி காலேஜுக்குப் போய், உத்தியோகத்துக்குப் போய், அவன் கல்யாணத்துக்குத் தங்கப்பாண்டியின் சீர்த்தட்டு நேரத்துக்கு வந்து இறங்கி, எல்லாம் ஆன பிறகும் படம் அங்கேதான் இருந்தது. புதிதாக வருகிற வாடிக்கைக்காரர் யாராவது கேட்பார்கள்: “கடைசி வரிசைல இந்த குண்டுப்பையன் யாரு அண்ணாச்சி?”

“எங்க அக்கா மவன். போட்டிருக்கான்லா, அந்தக் கோட்டு நான் எடுத்தது.”

இப்போது சாயங்காலங்களில் சுப்புராஜும் கடையில்தான் இருப்பார். சிப்பத்தின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே, “உள்ள ஒண்ணு கெடக்குல்லா, அது யாரு தச்சதுன்னும் சொல்லும் வே” என்பார்.

தங்கப்பாண்டி தோள்துண்டால் படத்தின் கண்ணாடியை ஒருமுறை துடைப்பார்.

“அது உள்ள கெடக்கப் போய்த்தான அத்தான், எங்கோட்டு இப்படி நெறஞ்சு நிக்கி.”